கர்ப்பூரம் அணையும்வரை

"சாமி, இவ மேல என்னமோ இருக்கு. பாதிச் செடியில கொழுந்த விட்டுட்டு அடுத்த நிரைக்கு ஓடிடுறா. ஒரு எடத்துல உக்காரமாட்டேங்கிறா."

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி பெரியண்ணன், வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே மகளைப் பற்றிச் சொன்னார்.

பதுளையிலிருந்து வந்திருந்த பேயோட்டும் கோடாங்கி, அவர்கள் குடியிருந்த லயத்து அறையில் திருநீற்றால் வட்டம் போட்டார். மகள் மூக்காயியை நடுவில் பாயில் உட்காரவைத்து, பெற்றவர்களையும் இருபுறமும் உட்காரச் சொன்னார். கர்ப்பூரத்தைக் கொளுத்திவிட்டுச் சாட்டையை எடுத்தார்.

"இது அணையிறதுக்குள்ள யாரு எந்திரிக்கிறாங்களோ, அவங்க மேலதான் பேய். எந்திரிச்சா அடி விழும்."

தாய் அங்கம்மா மகளின் காலையே பார்த்தாள். சோற்றுத் தட்டோடு ஓடுகிற பிள்ளையாயிற்றே! மூக்காயியின் கால்விரல்கள் இப்போதே துடித்துக்கொண்டிருந்தன.

"மாரியாத்தா, எம்புள்ள எந்திரிக்கக் கூடாது" என்று கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாய் சரசரத்தது. யாரோ எழுந்து ஓடும் சத்தம். சாட்டை காற்றைக் கிழித்தது.

"ஐயோ, அடிக்காதீங்க சாமி!" என்று அலறினாள் அங்கம்மா.

கண்ணைத் திறந்தாள். மூக்காயி, ஆடும் சுடரையே வாய் பிளந்து பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வட்டத்துக்கு வெளியே நின்ற கங்காணி தலையைச் சொறிந்தார். "மாடு கத்துச்சு... என்னான்னு பாத்துட்டு வந்துடலாம்னு..."

கோடாங்கியின் சாட்டை அந்தரத்தில் நின்றது.

"ஏன் சாமி நிறுத்திட்டீங்க?" என்றாள் அங்கம்மா. "இதே ஓட்டத்தப் பாத்துத்தான் துரை இவருக்குக் கங்காணி வேல குடுத்தாரு. எம்மகளுக்கு அது அப்பன் வழிச் சொத்து."