ஒன்பதாவது கூடை

மருமகன் கேஜூவின் மார்பில் முழங்காலை ஊன்றி, அவன் தலைமயிரைப் பிடித்து மண்ணோடு அழுத்தினேன்.

சவரக்கத்தி அவன் மீசைமேல் நின்றது.

எங்கள் பாம்பாட்டிக் கூட்டத்தில் பெண்ணோடு பொன் போவதில்லை. பாம்பு போகும். என் மகள் பிசாகினோடு ஒன்பது நல்லபாம்புகளை அனுப்பினேன். எங்கள் வீட்டிலிருந்து ஒன்பதுக்குக் குறைந்து எந்தப் பெண்ணும் போனதில்லை. ஒன்பது கூடைகளையும் நானே சாணம் மெழுகிக் காயவைத்தேன்.

கூடையில் ஒரு பாம்பு செத்தால் அது வீட்டில் செத்த பிள்ளை. யாருடைய தவறால் செத்ததோ, அவன் மீசை ஊர் நடுவில் போகும்.

கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள், ஒன்பதாவது கூடையில் பாம்பு விறைத்துக் கிடந்தது.

"சொல்லுடா, கூடையை ஈரத்துல வெச்சியா?"

"இல்ல மாமா! மணல் மாத்தினேன், தண்ணி வெச்சேன். தவளை போட்டேன், எலிக்குஞ்சு போட்டேன். மத்த எட்டும் முழுங்குச்சு. இது மட்டும் வாயையே தொறக்கல."

"பாம்பு மேலயே பழி போடுறியா?"

அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது.

கூட்டத்தில் எவனோ சிரித்தான். "மாப்ள, மீசை தானே, வெள்ளாமை மாதிரி திரும்ப வளரும்!"

கேஜூவின் அப்பன் தன்சாய் பாய்ந்து வந்தான். என் தம்பிகள் இருவர் அவனை வேப்பமரத்தில் சாத்தி, கழுத்தில் தடியைக் குறுக்கே வைத்து அழுத்தினார்கள். மூச்சுத் திணறலோடு கத்தினான்.

"சம்பந்தி! மொதல்ல பாம்போட வாயப் பாருங்க. அப்புறம் என் புள்ள மேல கத்தி வைங்க!"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. கேட்டது நியாயம்.

எழுந்தேன். செத்த பாம்பை எடுத்து, எல்லோருக்கும் முதுகு காட்டி நின்று, கட்டைவிரலால் அதன் வாயைப் பிளந்தேன்.

பார்த்தேன். மூடினேன்.

"வாய் சுத்தமா இருக்கு."

என் சொல்லுக்கு மறுசொல் எங்கள் கூட்டத்தில் கிடையாது.

மறுபடி அவன்மேல் ஏறினேன். திமிறினான். கத்தி மீசையோடு கொஞ்சம் தோலையும் எடுத்தது. அவன் அலறியதைக் கேட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்தி நின்ற பிசாகின் மட்டும் திருப்பவில்லை.

பாம்பைப் புதைக்க யாரையும் விடவில்லை. ஊருக்கு வெளியே நானே குழி தோண்டினேன். கிண்ணத்தோடும் கத்தியோடும் அவளும் பின்னால் வந்தாள்.

விஷப்பையை அறுத்தால் புண் ஆற ஒரு மாதம் ஆகும். ஆறாத பாம்பை யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஒன்பதாவது பாம்பு எனக்கு அகப்பட்டது, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு. அன்றே அறுத்தேன். இப்போது அதன் வாய் முழுக்கச் சீழ்.

நான் அறுத்தபோது வாலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பிசாகின்.

புருஷனின் ரத்தம் ஒட்டியிருந்த கத்தியைக் கழுவினாள். என் மீசையைப் பார்த்தபடி, மடக்காமல் என் கையில் வைத்தாள்.

"தண்ணி இன்னும் மிச்சம் இருக்குப்பா" என்றாள்.