எட்டு எண்ணும்வரை

"மூணு டிக்கெட் குடுக்குறீங்க, ரெண்டு பேருதான் நிக்கிறீங்க. இன்னொருத்தர் எங்கம்மா?" கிளப் வாசலில் வருகிறவர்களுக்கு அனுமதிக் கைப்பட்டை கட்டிவிட்டுக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"வந்தாலும் வருவாரு. அதையும் எனக்கே கட்டிவிடுங்க" என்று மறு கையை நீட்டினாள் அவள்.

பக்கத்தில் நின்ற கொழுந்தன் தரையைப் பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன எதையும் ஓட வைத்துவிடுவான். ஏழு வருஷமாக அண்ணி நின்றுபோன இடத்தில்தான் அவன் கைவரிசை செல்லவில்லை.

ஞாயிறு மாலை, வெளியே இன்னும் வெயில் இருந்தது. கிளப்புக்குள் கறுப்புச் சுவர்களும் முந்நூறு பேரின் வியர்வையும்.

"மூணு பாட்டுக் குழு உடைஞ்சதுல பொறுக்கியெடுத்த நாலு பேரு. சேர்ந்தே ஆறு மாசம்தான் ஆகுது" என்றான் கொழுந்தன், அவளைப் பேச்சில் இழுக்க. "நாலு மருமகளை ஒரே அடுப்படியில விட்ட கதை. எத்தனை நாளைக்கு ஓடும்னு பாருங்க அண்ணி."

"இவங்க ஒண்ணா சேர்ந்தா எப்படி இருக்கும்னு உங்க அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. இதப் பார்க்க உயிரையே விட்டிருப்பாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொழுந்தன் சட்டென்று பேச்சை மாற்றினான்.

"அந்தப் பழைய பாட்டுல நடுவுல எல்லாம் நின்னு, நாலு எண்ணுற வரைக்கும் சத்தமே இருக்காதே, அதை இவங்க எட்டா இழுத்துட்டாங்களாம். கரண்ட் போயிருச்சுன்னு ஜனம் வீட்டுக்குக் கிளம்பிரும்!"

அவள் சிரிக்கவில்லை. அந்த நாலு எண்ணிக்கை அவள் புருஷனுடையது. எந்த அரங்காக இருந்தாலும் அந்த மௌனத்தில் அவனுடைய விசில் எழும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததால் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கீறல் விழும். அவள் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருப்பவள். பல் கட்ட வந்தவன், விசில் போய்விடும் என்று பல்லைக் கட்டாமல் அவளைக் கட்டிக்கொண்டு போனான்.

அப்புறம் ஒரு நாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனான். பாறைமேல் சட்டையும் செருப்பும் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து தெருவில் எவன் விசிலடித்தாலும் அவள் ஜன்னலுக்கு ஓடுவாள். நாளைக் காலை நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டால் அவன் இறந்தவன் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். ஆஸ்பத்திரியில் பல்செட் செய்கிறவர் மூன்று வருஷமாகப் பொறுமையாகக் காத்திருக்கிறார்.

பேனாவைத் தொடுவதற்கு முன் அவளுக்கு இந்த ஒரு சோதனை வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தால் இந்தக் கச்சேரியை அவன் விடமாட்டான். அந்த இடத்தில் விசில் வராவிட்டால் அவன் இல்லை. அவ்வளவுதான்.

ஐந்தாவதாக அந்தப் பாட்டு வந்தது. கூட்டம் குதித்தது. டிரம்ஸ்காரர் இரண்டு குச்சிகளையும் மேலே தூக்கினார். எல்லாம் நின்றது.

ஒன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டில் வந்தது விசில்.

பின்னாலிருந்து, தலைகளுக்கு மேலாக, நிதானமாக ஏறியது. நாலில் நிற்காமல் வளைந்து, உடைந்த பல்லின் கீறலோடு சரியாக எட்டில் போய் அடங்கியது. டிரம்ஸ் வெடிக்க, கூட்டம் அலறியது.

"அண்ணி..." கொழுந்தனின் முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்கும் கேட்டுச்சு."

அவள் அதற்குள் முழங்கைகளால் வழி பிளந்துகொண்டு போய்க்கொண்டிருந்தாள். பின்சுவர் வரை போய்விட்டாள். அங்கே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகையின் முன்னால் ஹெட்ஃபோன் மாட்டிய நரைத்த தாடிக்காரர் ஒருவர் மட்டுமே உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

"இங்கதான் விசில் அடிச்சாங்க. யாரு?"

"யாரும் இல்லம்மா, இதுதான்" என்று தாடிக்காரர் ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "அந்த இடத்துல ஜனம் முழிக்குது. நாமளா ஒண்ணை எடுத்து விட்டாதான் சூடு ஏறும். ஒரு கச்சேரியில எவரோ அடிச்சாரு. என்னா விசிலு! தனியா வெட்டி வெச்சுக்கிட்டேன், எல்லா ஊர்லயும் இதான்."

அவள் சுவரில் சாய்ந்தாள். பேயுமில்லை, பிரமையுமில்லை. என்றைக்கோ அடித்த விசில், பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. ஏழு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போன மாதிரி இருந்தது.

"கிளம்பலாமா அண்ணி?" மூச்சிரைக்க வந்து நின்றான் கொழுந்தன்.

"கிளம்பலாம். நாளைக்குச் சீக்கிரம் எழுந்திரிக்கணும்ல." மூன்றாவது கைப்பட்டையைப் பிய்த்து ஒலிப்பலகையின் ஓரத்தில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "அது என் வீட்டுக்காரரோட விசிலுங்க. அவரு போயி ஏழு வருஷமாச்சு. இத்தனை காலம் பத்திரமா வெச்சிருந்தீங்களே, நல்லா இருப்பீங்க."

தாடிக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவளைக் குழப்பமாகப் பார்த்தார்.

"இது போன மாசம் எடுத்ததும்மா."