நடுத்துண்டு

“அந்த நடுத்துண்டைப் பிரிச்சுக் குடுத்துடுங்க, அக்கா.”

ஊசியை உதட்டில் கவ்வியிருந்த ஷரஃபத் நிமிர்ந்து பார்த்தாள். வாசல்படியில் ஒய்னிசா நின்றிருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் ஊர்ச் சந்தையில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கிற குடும்பம் ஷரஃபத்துடையது. வெட்டிய துணியைத் திருப்பிக் கொண்டுவந்து வம்பு பண்ணுகிறவர்களை அவள் தவழ்ந்த காலத்திலிருந்து பார்க்கிறாள். தானமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வந்தவளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

மதியம் வண்டி வந்துவிடும். குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டிய பஞ்சுப் போர்வை, கம்பளிக் காலுறை, பின்னிய குல்லாய் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. பாக்கி இந்த ஒட்டுப்போர்வை ஒன்றுதான்.

அது நிகினாவுக்கு. மூன்று வயது, பெற்றவர்கள் இல்லை, நெஞ்சில் ஓட்டை, அடுத்த வாரம் ஆபரேஷன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாற்பது வீட்டில் துண்டுத்துணி வாங்கித் தைத்துப் போர்த்துவார்கள், இங்கே கூடி உட்கார்ந்து தைக்கிற பெண்கள்.

எந்த வீட்டிலும் வாங்கிவிட முடியாது. பெற்ற பிள்ளைகள் அத்தனையும் உயிரோடு இருக்கிற வீடாக இருக்க வேண்டும். ஒன்றைப் பறிகொடுத்தவள் தைக்கலாம், பஞ்சு அடைக்கலாம். அவள் வீட்டுக் கந்தல் ஒரு விரற்கடைகூட அதில் சேராது. கடை நிறையப் பட்டு வைத்திருக்கிற ஷரஃபத்தே இருபத்தாறு வருடமாகத் தைப்பதோடு சரி. அவளுடைய மகள் இரண்டு வயதில் போய்விட்டாள்.

ஒய்னிசா கதை வேறு. ஏழு பெற்று ஏழும் இருக்கிறவள். அவள் வீட்டுத் துணிக்கு வருடா வருடம் அடிபிடி நடக்கும்.

போன வாரம் தன் கல்யாண உடுப்பின் கையைக் கத்தரித்துக் கொண்டுவந்து, “ஏழு பிள்ளைக்காரி துணி ஓரத்துல கிடக்கலாமா? நடுவுல வைங்க” என்று அவளேதான் சொன்னாள். ஷரஃபத்துக்குச் சுருக்கென்றது. இருந்தும் நடுவில்தான் வைத்தாள்.

“ஏன், உள்ளே தங்கம் கிங்கம் வச்சுத் தச்சுட்டியா?” என்றாள் இப்போது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஒய்னிசா சிரிக்கவில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, புதுப் பட்டு ஆறு முழம் எடுத்து வைத்தாள். உள்ளங்கையளவு பழந்துணிக்கு ஆறு முழம் புதுசு. இப்படி விழுந்து விழுந்து விலை ஏற்றுகிறவர்களைக் கடையில் ஷரஃபத் நம்பியதே இல்லை.

“யார் வீட்டுது?”

“யார் வீட்டுதும் இல்ல. இப்பத்தான் கடையில கிழிச்சு வாங்கினேன்.”

“கடைத்துணி கணக்குல வராது. முப்பத்தொன்பது வீடாப் போயிடும்.”

“முப்பத்தொன்பதாவே இருக்கட்டும். அது மட்டும் வேணாம்.”

மருமகள் சண்டை பிடித்தாளா, உடுப்பு எனக்குத்தான் என்று மூக்கைச் சிந்தினாளா என்று கிண்டினாள் தில்ராபோ, கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். ஆமாம், மருமகள்தான் என்று ஒய்னிசா சட்டென்று ஒப்புக்கொண்டாள். மருமகளை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்து அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

ருஷ்யாவில் கட்டட வேலை பார்க்கிற கடைக்குட்டி ஜஸூர் எப்படி இருக்கிறான், பேசினானா என்றும் விசாரித்தாள் தில்ராபோ.

“காலையில அங்கேருந்து போன் வந்துச்சு.”

யாரோ நீட்டிய தேநீர்க் கிண்ணத்தை ஒய்னிசா கையால் விலக்கினாள். அவள் கண் அந்த நடுத்துண்டிலேயே இருந்தது.

ஷரஃபத் விடவில்லை. பழைய உடுப்பு ஒன்றுக்காக ஒரு அநாதைப் பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறாயே என்றாள். ஏழு பெற்றும் மனசு என்னவோ இந்தத் துண்டளவுதான் போலிருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தாள். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற ஒய்னிசா அத்தனையையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

மனசில்லாமல் கொடுத்த துணி அந்தப் பிள்ளையின் நெஞ்சின்மேல் கிடக்க வேண்டாம் என்று ஷரஃபத் கத்தரிக்கோலை எடுத்தாள். நறுக் நறுக்கென்று தையலை வெட்டி, துண்டை உருவி, ஒய்னிசாவின் காலடியில் போட்டாள். புதுப் பட்டில் ஒரு சதுரம் வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவாள் என்று பார்த்தால், ஒய்னிசா அசையவில்லை. கடைசித் தையல் விழுந்து, முடிச்சுப் போட்டு நூலைக் கடிக்கும்வரை நின்று பார்த்தாள். போர்வை மூட்டைக்குள் போன பிறகுதான் குனிந்து தன் துண்டை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“அதான் கிடைச்சுடுச்சே, கிளம்பு,” என்றாள் ஷரஃபத். “அடுத்த வருஷம் துணி கேட்டு உன் வாசல்ல யாரும் வந்து நிக்க மாட்டோம்.”

“வராதீங்க, அக்கா. இனிமே நானும் உங்களை மாதிரி தைக்க மட்டும் வர்றேன்.”