தம்ளர் மேல் ரொட்டி

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் நான்காம் மாடிச் சமையலறைக்குள், பனி உறைந்த சன்னலைத் தாண்டி முற்பகல் வெளிச்சம் நீர்த்த பாலாய் இறங்குகிறது. பத்திரிகைக்குப் படமெடுக்க வந்த ரிம்மா, கேமராவைக் கண்ணில் வைத்தபடி அடுப்போரம் ஒடுங்கி நிற்கிறாள். வீடு இருக்கிறபடியே இருக்கட்டும், எதையும் ஒதுக்க வேண்டாம் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். மேசையில் ஊறுகாய் ஜாடி, பாதி ரொட்டி, பட்டாளத் தொப்பியோடு சிரிக்கும் மகன் ரோதியனின் படம். செச்சினியாவில் குரோஸ்னி நகரச் சண்டைக்குப் போனவன்; பதினான்கு மாதமாகக் கடிதமும் இல்லை, உடலும் வரவில்லை. படத்தின் முன்னால் வோட்கா தம்ளர், அதன் வாயை மூடி ஒரு துண்டுக் கருப்பு ரொட்டி. கை துடைத்தபடி வந்த தாய் கிளாவ்தியா அதைப் பார்த்ததும் நின்றுவிடுகிறாள். "யாரு வெச்சது?" "நான்தான்," என்கிறார் கணவர் யெஃபிம், தலை நிமிராமல். "பாவம் புள்ள, அங்க தாகமா இருப்பான்." "செத்தவங்களுக்கு வெக்கிறத எம்புள்ளைக்கு வெப்பியாய்யா? உன் கையில கொள்ளிய வெக்க!" அவள் ரொட்டியை எடுக்கிறாள். செத்தவர் பங்கை உயிரோடிருப்பவர்கள் வாயில் வைப்பதில்லை. ரிம்மாவுக்கும் அது தெரியும். கிளாவ்தியா கடிக்கிறாள். காய்ந்த ரொட்டி பல்லில் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. "இப்ப எடும்மா," என்கிறாள், உதட்டில் துகள்களோடு. ரிம்மா பொத்தானை அழுத்துகிறாள். கேமராச் சட்டத்தின் ஓரத்தில் யெஃபிம், மிச்ச ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தம்ளருக்கு இன்னொரு துண்டு அறுக்கிறார்.