கரண்ட் இல்லாத நாட்கள்

போலீஸ்காரர் கேமரா கார்டை லேப்டாப்பில் செருகியதும் அப்பா செருப்பைக் கழற்றினார்.

எங்கள் வாசலில், அண்ணனுடைய டாக்ஸிக்குப் பக்கத்தில், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றார். மகனைப் பார்க்கப் போகிறோம் என்று அவருக்கு நினைப்பு.

அண்ணன் கோகுல் ஐப்பசியில் செத்துப்போனான். கொடைக்கானலில் சவாரி வந்தவர்களை இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, அதன் முன்னால் நின்றிருந்தபோது ஒரு வேன் அடித்துவிட்டது. ஓரமாகத்தான் நின்றான் என்பது நாங்கள் சொல்வது. செல்போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கினான் என்பது வேன்காரன் சொல்வது. ஊரும் மெல்ல மெல்ல வேன்காரன் பக்கம் சாய்ந்துவிட்டது. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறானா?

ஆனால் அண்ணன் வண்டியில் கேமரா இருந்தது. நடந்ததெல்லாம் அதற்கு நேர் எதிரில்தான் நடந்தது.

வண்டி நிற்கும்போதும் கேமரா ஓட வேண்டும் என்று சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி வைத்திருந்தான். செங்கல் அளவு இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியை யாராவது உரசிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று வாங்கியது. அவனுக்கு அந்த வண்டி என்றால் உயிர்.

"நாங்க வந்து எடுத்துக்கிறோம், அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம். வண்டியை எங்கள் ஊர் கிளாவரைக்குக் கொண்டுவந்து நிறுத்திய அண்ணனின் கூட்டாளி சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. காரியம் முடியும்வரை அணையக் கூடாது என்று அம்மா எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே, அடுப்படி ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து அப்பா அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தார். சார்ஜ் இறங்கினால் உள்ளே இருக்கிற பையனும் போய்விடுவான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே முடிவு செய்துகொண்டார்.

பூண்டுக் காட்டுக்குக்கூடச் சரியாகப் போகவில்லை. கேமராவில் எரியும் சின்னப் பச்சை விளக்கைக் குனிந்து குனிந்து பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

காரியத்துக்கு முந்தின வாரம் மழை பிடித்தது. மரம் சாய்ந்து மேல்மலை முழுக்க கரண்ட் போய்விட்டது. பேட்டரி தீர்ந்து பச்சை விளக்கு அணைந்ததும் அப்பா வண்டியின் பானெட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. பேட்டரியைக் கழற்றி, ஸ்வெட்டருக்குள் வைத்துப் பொதிந்துகொண்டு, அங்கேயாவது கரண்ட் இருக்கும் என்று மன்னவனூர்வரை நடந்தார். அந்த ஊரிலும் இருட்டு. நனைந்துகொண்டே திரும்பி வந்தார்.

கரண்ட் வந்த அன்று முதல் வேலையாக ஒயரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கார்டை எடுத்து நாமளே ஒரு வாட்டி பாத்துருவமேப்பா" என்று நான் கேட்டது அதற்கப்புறம்தான்.

"கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்றார். பிறந்ததிலிருந்து என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர்.

காரியம் முடிந்தது. விளக்கை மலையேற விட்டோம். பேட்டரியை அவர் விடவில்லை.

இதோ, மார்கழி பிறந்த பிறகு போலீஸ்காரர் வந்திருக்கிறார்.

திரையில் முதலில் வந்தது பனிமூட்டம். அசைவு தெரிந்தால் பதிவாகும் கேமராவாம். எங்கள் ஊரில் மூட்டம் அசையாத நேரம் ஏது? அடுத்த பதிவில் ஆடுகள் போயின. அடுத்ததில் நான் பாத்திரம் கழுவுகிறேன். அடுத்ததில் அப்பாவின் முகம், திரை கொள்ளாமல்.

அதற்கடுத்ததிலும் அப்பா. அதற்கடுத்ததிலும்.

ஒன்றில் அவர் வாய் அசைந்தது. போலீஸ்காரர் ஒலியைக் கூட்டினார்.

"குளிருதாய்யா?"

போலீஸ்காரர் நிமிர்ந்து, "ஐயா, கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்" என்றார். அப்பா உள்ளே போனதும் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"கார்டு ரொம்பிருச்சுன்னா பழசை அழிச்சுட்டுப் புதுசைப் பதிஞ்சுக்கும்மா. இதுல ஐப்பசி மாசமே இல்ல. அன்னைக்கே பேட்டரியக் கழட்டிப் போட்டிருந்தா எல்லாம் அப்படியே இருந்திருக்கும்."

எனக்குப் போலீஸ்காரரை அறைய வேண்டும் போலிருந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

அப்பா சொம்போடு வந்தார். திரையில் நின்ற தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பையன் எங்க சார்?"

போலீஸ்காரர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். அப்பா என்னைப் பார்த்தார்.

"அந்த மழைக்குக் கரண்ட் போச்சே, அப்பத்தான் போயிட்டானாத்தா?"

கரண்ட் இல்லாத அந்த நாட்களில்தான் அண்ணன் அதற்குள் அழியாமல் இருந்தான். மற்ற நாளெல்லாம் அப்பாதான் குனிந்து குனிந்து பார்த்து, அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா" என்றேன். "அப்பத்தான்."

அவர் தலையாட்டினார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வண்டியருகே போய், பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

எரிந்துகொண்டிருந்தது.