முனகுகிற மரம்

“கட்டிலுக்குத் தேக்குதான் சரி. காலத்துக்கும் முனகாது,” என்றார் பாம்பன் ஆசாரி வீரையா.

“முனகுற மரமாப் பாத்துச் சொல்லுங்க,” என்றாள் மிக்கேலம்மாள்.

வீரையாவுக்குச் சிரிப்பு வந்தது. சிலோனிலிருக்கும் அவள் மகன் கல்யாணத்துக்கு வருகிறான் போல. மருமகளைக் காவல் காக்க மாமியார் இப்போதே வழி தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

“அப்ப ஈரம் காயாத பூவரசுலதான் செய்யணும். காயக் காயப் பொருத்து விட்டுப்போயி, புரண்டு படுத்தாலே சத்தம் போடும். புதுச் சோடிக்குக் கூச்சமா இருக்காதா தாயி?”

“சோடி எங்க இருக்கு? அவன் அங்கனயே ஒருத்தியக் கட்டிக்கிட்டான். இனி வரமாட்டான்.”

“பெறகு கட்டில் யாருக்கு?”

“எனக்குத்தான். ராத்திரி நான் புரண்டு படுத்தா, அந்த வீட்டுல ஏதாச்சும் ஒண்ணு பதில் சொல்லணும்ல.”