எட்டாம் பாகத்தில் பார்வை போனவள்

ஹெங்டியன் படப்பிடிப்பு நகரத்தின் விடுதி அறையில் நான்கு பேர் இருந்தார்கள்: தொடரின் தயாரிப்பாளர் ச்சியூ, இரண்டு படப்பிடிப்புக் குழுக்களின் இயக்குநர்களான மெங், லுவான், அப்புறம் யான் ஷூ என்ற பெண்.

"எட்டாம் பாகத்துல கண்ணு போனவ இருபதுல கடிதம் படிக்கிறா! பாக்குறவன் என்ன மாங்காமடையனா?" என்று கத்தினாள் யான் ஷூ.

"நான் கண்ணைப் பறிச்சுட்டுத்தான் அனுப்புனேன், மேடம்," என்றார் மெங்.

"யார்கிட்ட சொன்னீரு? எங்க குழு இருபதைப் போன மாசமே எடுத்தாச்சு!" என்றார் லுவான்.

"த்தூ! ஊரே காறித் துப்பும்!" என்றாள் யான் ஷூ.

ச்சியூ எழுந்தார். "உங்க மேலதான் துப்பும். கதை, வசனம் நீங்கதானே?"

"என் பேரை எடுத்துடுங்க."

"சுவரொட்டி ஒட்டியாச்சு. பார்வை எப்படித் திரும்புச்சுன்னு மத்தியானத்துக்குள்ள எழுதுங்க."

மூவரும் வெளியேறினார்கள். ச்சியூ கதவைச் சாத்தி வெளியே பூட்டினார்.